தெரியும் என்று நான் சொல்லிவிட்ட ஆவாரம்பூ

பசங்களா, நேற்று மயிலாப்பூர் கடைத்தெருவில் பொங்கல் காப்புக்கு விற்ற மஞ்சள் பூக்கட்டுக்கு நேரே போனை நீட்டி, ‘ஆவாரம்பூப்பா’ என்று மூன்று நொடியில் சொல்லிவிட்டீர்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அந்தக் காலத்தில் ஒரு பகல் முழுக்க ஆனது. மானமும் கொஞ்சம் போனது.

அப்போது நான் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சரக்கு அடுக்கும் கொடோன் ஆள். ராயப்பேட்டையில் பிறந்தவனுக்குச் செடி என்றால் துளசி, அதை விட்டால் கறிவேப்பிலை. கொடோனில் புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கிலேயே குடியிருக்கும். (இன்றைக்கும் அந்த வாசனை பிடிக்கும், தும்மல்தான் வரும்.) எப்படியாவது சேலை விற்கும் கவுண்டருக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

முதலாளி கோவில்பட்டிப் பக்கம். பொங்கலுக்கு முந்தின நாள் கடை வாசலில் வேப்பிலையோடு ஆவாரம்பூவும் கட்டினால்தான் அவருக்கு நிம்மதி.

“ஆவாரஞ்செடி யாருக்குலே தெரியும்?” என்றார்.

முதலில் கை தூக்கியது நான். தெரிந்தவனுக்குத்தானே கவுண்டர்!

கோட்டூர்புரத்தில் ஒரு பங்களா வேலியில் மஞ்சளாய்க் குலுங்கியதைப் பை நிறையப் பறித்துவந்து வாசல் நெடுகக் கட்டினேன். முதலாளி அண்ணாந்து பார்த்தார்.

“என்னலே இது, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் கணக்கா தொங்குது? ஆவாரை தண்ணியில்லாக் காட்டுல மொளைக்கும்லே. சாயங்காலத்துக்குள்ள கொண்டா. இல்ல, கொடோன்லயே கெட.”

அடையாறில் செங்கல்லும் ஜல்லியுமாய்க் காய்ந்துகிடந்த காலி மனை ஒன்றுக்கு ஓடினேன். தண்ணியில்லாச் செடி என்றால் முள் இருக்கும் என்பது என் கணக்கு. பையை ஒரு முள்ளில்லாப் புதரில் மாட்டிவிட்டு, முட்புதர் ஒவ்வொன்றாய்ப் புகுந்து கையைக் கிழித்துக்கொண்டேன். அங்கே ஆடு மேய்த்த அம்மா ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“இன்னா நைனா, முள்ளுல இன்னா தேடிகினு கீற?”

“ஆவாரம்பூக்கா.”

“பைய எதுல மாட்டிகீற, பாரு! என் ஆடு வாய் வைக்காத செடி இங்க அது ஒண்ணுதான்.”

திரும்பிப் பார்த்தேன். புளிய இலை போல வரிசை வரிசையாய் இலை. ஐந்து இதழ் மஞ்சள் பூ. தட்டைக் காய். மருந்துக்குக்கூட ஒரு முள் இல்லை.

சாயங்காலம் முதலாளி காயை நசுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். “பொங்கல் கழிஞ்சதும் கவுண்டருக்கு வா. தெரியாத சேலைய மட்டும் தெரியும்னு சொல்லிராத.”

அந்த மனையில் இப்போது அடுக்குமாடி வீடு. வாசலில் வரிசையாய்த் தொட்டிச் செடிகள். வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள். ஆவாரை தண்ணீர் கேட்காது, பசங்களா. சும்மா கிடக்கிற மண்ணைத்தான் கேட்கும். அந்த மண் இப்போது அடையாறில் யாரிடம் இருக்கிறது?