மூடியில்லாத வண்டியில் நயினாரைப் பார்க்கப் போனேன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். போன் அடித்தது. நயினாரின் மகள் சுமதி. "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். காலையில் செவிலிமேட்டில் என் வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டு, சொந்த ஊருக்குப் பஸ் ஏறிய மனிதர். வேறு என்ன கேட்பது? பிறகுதான் அந்தப் பெண், ஊர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டதாகச் சொன்னாள். "பொழுது இருக்கும்போதே எடுத்துடுவாங்க மாமா. சீக்கிரம் வந்துடுங்க."

தரணேந்திரன் என்பது அவர் பெயர். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. ஜைனர் என்பதால் எல்லாருக்கும் அவர் நயினார்தான். அவர் நெல் கொள்முதல் பார்த்தார், நான் மெஷின்களைப் பார்த்தேன். தினமும் என் காரில்தான் இரண்டு பேரும் போய்வந்தோம். எனக்கு மூக்கின் மேல் கோபம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எப்படி ஒத்துப்போகிறது என்று நீங்கள் கேலி செய்வீர்கள். ஒத்தெல்லாம் போகவில்லை. நான் கத்துவேன், அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வருவார். அவ்வளவுதான்.

மாலை வாங்க நேரமில்லை. அவருக்குப் போர்த்த ஒரு வேட்டியாவது எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். மடிப்புக் கலையாத பட்டு வேட்டி மேலேயே இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, அடியில் இருந்த புதுப் பருத்தி வேட்டியை உருவினேன். என் மகள் கல்யாணத்தில் மண்டபமே பட்டில் மின்னியபோது, பருத்தி வேட்டியில் நின்றது இவர் ஒருவர்தான். பூச்சியைக் கொதிநீரில் போட்டு எடுத்த நூல் தனக்கு வேண்டாம் என்பார். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு எவன் இருப்பான்? இருட்டினால் சாப்பிடமாட்டார் என்பதால் அன்று சாயங்காலமே சமையல்காரரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடைசிப் பந்தி வரைக்கும் நின்று பரிமாறினார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பரிமாறவில்லை.

பாலாற்றுப் பாலம் தாண்டி வந்தவாசிச் சாலையில் வண்டியை விரட்டினேன். மாமண்டூர் ஏரி வருவதற்குள் சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. பானெட்டைத் திறந்தால் புகை மாதிரி ஆவி. கூலன்ட் டப்பா வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மூடி இல்லை. தண்ணீர் முக்கால்வாசி கொதித்து வெளியே தெறித்திருந்தது. எந்த மெக்கானிக்கடா இப்படித் திறந்துபோட்டான் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டும்போதே ஞாபகம் வந்தது. எந்த மெக்கானிக்கும் அந்த வண்டியைத் தொடவில்லை. ஞாயிறு காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது வந்து தண்ணீர் பார்த்து ஊற்றுவது நயினாரின் வேலை. அன்றும் அவர்தான் ஊற்றினார். குழாயை மூடிவிட்டு இன்னொரு தடவை திருகிப் பார்க்கிற மனிதர் இதை எப்படி மறந்தார்?

அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டதற்கும் ஒரு கதை உண்டு. காரை வாங்கிய புதிதில், இதே போல ஒரு நாள் நடுவழியில் சூடேறி நின்றது. அவசரத்தில் மூடியைத் திருகப் போன என் கையைப் பிடித்து இழுத்தார். "அவசரம் உனக்குத்தாம்பா சேகரு, வண்டிக்கு இல்ல. அதுக்குக் கோவம் வந்தா நீ பேசாத இரு" என்றார். ஆறும் வரை உட்கார வைத்தார். பிறகு குட்டைத் தண்ணீரை மொண்டுவந்து, தன் பையிலிருந்த வெள்ளைத் துணியில் வடிகட்டினார். மில்லுக்கு நேரமாகிறது, எஞ்சின் என்ன குடிக்கவா கேட்டது என்று நான் எகிறினேன். அவர் துணியைக் காட்டினார். புழுக்கள் நெளிந்தன. "இதுங்களக் கொதிக்கிற எஞ்சின்ல ஊத்த மனசு வரலபா" என்று சொல்லிவிட்டு, துணியைக் குட்டையில் அலசி அவற்றைத் திரும்ப விட்டார். மூடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். எதற்குப் பையில் வைத்தீர்கள் என்றேன். "கீழ வெச்சா மறந்துடுவோம். பாக்கெட்ல இருந்தா, குனியும்போது நெஞ்சுல இடிக்கும். ஞாபகம் வந்துடும்."

அவர் போன அன்றைக்கு மாமண்டூர் ஏரிக்கரையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்துகொண்டே இருக்கிறது, அங்கே அவரை எடுத்துவிடுவார்கள், முகத்தைப் பார்க்க வேண்டும். இருந்தாலும் உட்கார்ந்தேன். ஆறியதும் ஏரியில் தண்ணீர் மொண்டு, அவருக்குப் போர்த்தக் கொண்டுபோன வேட்டியின் முனையில் வடிகட்டினேன். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "வண்டிக்கு ஊத்தறதுக்கா சார் வடிகட்டிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார். கூட்டாளி ஒருத்தர் பார்த்தால் வருத்தப்படுவார் என்றேன். சொல்லும்போது அவர் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

டப்பாவின் வாயில் கைக்குட்டையைக் கட்டி, எஞ்சின் சூட்டை இழுக்க ஹீட்டரை முழுசாக வைத்து, அந்த வெயிலில் வெந்துகொண்டே உருட்டினேன். நின்று நின்று, ஊற்றி ஊற்றி. வழியெல்லாம் காலையில் நடந்ததே திரும்பத் திரும்ப வந்தது. வாசலில் நான் போனில் உமி வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நயினார் பானெட்டை மூடிவிட்டு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. காபி வேண்டாம் என்று கையை ஆட்டினார். "வயிறு மந்தமா இருக்குதுபா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். போனை வைக்கவில்லை.

நான் போனபோது வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். ஈர வேட்டியோடு சுடுகாட்டுக்கு ஓடினேன். தீ மூட்டிவிட்டார்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

திரும்பி வந்து வாசலில் நின்றேன். ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே வண்டி சூடாகிவிட்டது என்று உளறினேன். சுமதி உள்ளே போய் எதையோ எடுத்துவந்தாள். "அப்பா சட்டையைக் கழட்டும்போது பாக்கெட்ல இது இருந்துது மாமா. என்னன்னு எங்களுக்குத் தெரியல."

கூலன்ட் மூடி. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் அது அவர் நெஞ்சில் இடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அது தெரியாத அளவுக்கு உள்ளே வேறு வலி இருந்திருக்கிறது. அந்த வலியோடு குனிந்து என் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், பாவி மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டேனா? சுமதியிடம், வண்டிக்குச் சேர்ந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறக்கிறேன். போனை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். தண்ணீரை வடிகட்டித்தான் ஊற்றுகிறேன். கழற்றிய மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். குனியும்போது நெஞ்சில் இடிக்கிறது.