பின்னால் சாய்கிற முதுகு

தாமல் ஏரி நிரம்பிவிட்டால் பாய்ப்படகு சங்கத்தார் ஞாயிறுதோறும் கரையில் கூடுவார்கள். டீ குடித்துக்கொண்டே அவரவர் வீட்டுச் சேதி சொல்வது அங்கே வழக்கம். அறுபத்தெட்டாம் வருஷம் அப்படியொரு ஞாயிறு, பேத்தி பிறந்தது, மாற்றல் வந்தது என்று ஆளாளுக்குச் சொல்லி முடித்ததும் அழகியமணவாளன் வாத்தியார் எழுந்தார்.

"பேங்க் ஏஜெண்ட் சார் மெட்ராஸ்லேர்ந்து புதுப் படகு வாங்கிண்டு வந்திருக்கார். போட்டிக்கு இந்த வருஷம் நானும் அவரும் போறோம்."

கோதண்டபாணி பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார். வருஷக்கணக்காக வாத்தியாரோடு ஒரே படகில் போனவர் அவர். வாத்தியார் சுக்கான் பிடிப்பார். காற்று பாயை அமுக்கும்போதெல்லாம் படகு கவிழாமலிருக்க, முதுகு தண்ணீரில் படும்படி வெளியே சாய்ந்து கிடப்பது இவர் வேலை.

"என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார். நானும் இங்கதானே குந்திக்கினு இருக்கேன்."

"எல்லாருக்கும் சொல்றச்சே உனக்கும் சொன்னதா ஆச்சுன்னு இருந்துட்டேன்பா."

போட்டியன்று கோதண்டபாணி படகேறவில்லை. அந்தப் புதுப் படகு கவிழ்வதைக் கண்ணால் பார்க்கவே கரையில் நின்றார். திருப்பத்தில் காற்று ஓங்கி அறைந்தது. படகு ஒருக்களித்தது. வெளியே சாயவேண்டிய ஏஜெண்ட் பயந்துபோய்ப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டார்.

கரையில் கோதண்டபாணியின் பாழாய்ப்போன முதுகு, அந்தத் துரோகிக்காகத் தானாகவே பின்னால் சாய்ந்தது.