அம்மாவின் படம் ஏன் இல்லை

இந்த நினைவு மலரைப் பிரித்ததும் அம்மாவின் படத்தைத்தான் தேடியிருப்பீர்கள். இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா நெம்மேலியில் பிறந்து, மாமல்லபுரத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு மீன்கூடையைத் தூக்கினார்கள். திருக்கழுக்குன்றம் வரை நடந்து விற்று என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டவன் நான்.

உலக யுத்தத்தின்போது கடற்கரையோரம் இரவில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று உத்தரவு. தங்கைக்கோ நெருப்பாய்க் காய்ச்சல். கதவைச் சாத்தி, சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்தாவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு எண்ணெய் வேண்டும். மளிகைக்கடை முதலாளியிடம் கேட்டார்கள்.

"மண்ணெண்ணெய் ஏது? எல்லாம் பட்டாளத்துக்குப் பூடுச்சி. வெளக்கே ஏத்தக் கூடாதுன்னு சர்க்காரு சொல்லிக்கீது, உனக்கு இன்னாத்துக்கும்மா எண்ணெ?"

"அப்ப உன் வூட்டுப் பின்கட்டுல எரியுதே, அது இன்னா நைனா, நெலாவா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எண்ணெய் மட்டும் வரவில்லை. அன்றிரவு அம்மா இருட்டில் தங்கையின் நெற்றி, கண், வாய் என்று தடவித் தடவியே பிள்ளை இருக்கிறதா என்று பார்த்தார்கள். விடியலில் காய்ச்சல் இறங்கியது. மறுவாரம் முதலாளியின் குடோனிலிருந்து எண்ணெய் டின்கள் வண்டி வண்டியாகச் செங்கல்பட்டுக்குப் போயின, இரட்டை விலைக்கு! அதே மனிதர் யுத்த நிதிக் கூட்டத்தில் மேடையேறி, ஏழைகள் தியாகம் செய்ய வேண்டும் என்றார். அதற்கு மாலை வேறு. யுத்தம் முடிந்ததும் அவருக்கு மாடி எழும்பியது. எங்கள் கூரை எழும்பவில்லை.

சென்ற ஆண்டு அம்மா மூச்சுத்திணறலில் காலமானார்கள். இம்மலரில் படம் அச்சிட உலோகத் தகட்டில் பிளாக் செய்ய எங்களுக்கு வசதியில்லை. தானே செய்து தருவதாக முதலாளி சொல்லி அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் 'ஏழைப்பங்காளர்' என்று அவருக்கு நன்றி போட வேண்டுமாம்.

"ரெண்டு வரிதானேடா மாப்ளே, போட்டுத் தொலை! அக்கா மொகம் பொஸ்தகத்துல வருமில்ல?" என்றார் தாய்மாமா.

"அந்த மொகம் இருட்டுல கெடந்தப்ப அவரு எங்க போனாரு மாமா?"

மாமா முறைத்தார். "படிச்சவன்கிட்ட பேசறதே பேஜாரு" என்று எழுந்துபோனவர், மறுநாள் அச்சகத்துக்கு வேண்டிய காகிதத்தைத் தாமே வாங்கிச் சுமந்து வந்தார்.

அம்மாவைச் சுமந்த குப்பத்தாருக்கும், அன்று கட்டுமரம் இறக்காமல் கூட நின்றவர்களுக்கும், மாமாவுக்கும் எங்கள் நன்றி. முதலாளிக்கு இல்லை.

அம்மாவைப் பார்த்திராதவர்கள், படையலுக்கு வரும்போது என் தங்கையைப் பாருங்கள். அதே நெற்றி, அதே கண், அதே வாய். இருட்டிய பிறகு வந்தாலும் தெரியும். விளக்கு எரியும்.