ஒரே போனில் இரண்டு கருத்து

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். போனில் எழுதினால் அதுவே பாதியைத் திருத்திவிடும். தாளில் அந்த வசதி இல்லை. எங்கள் வாசகர் குழு கொண்டுவரும் கையெழுத்து இதழுக்கு அவரவர் கையால்தான் எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டதால், பிழையோடு படித்துக்கொள்ளுங்கள். இதழ் புதிதாகச் சேருகிறவர்கள் கைக்கும் போகும் என்பதால், குழுவில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நானும் என் மனைவியும் குமாரபாளையத்தில் கூலிக்குத் துண்டு நெய்கிறவர்கள். வீட்டை ஒட்டிய பட்டறையில் நான்கு விசைத்தறிகள் இருக்கின்றன. காலையில் நான் ஓட்டுவேன். சமையல், துணி, கடை எல்லாம் முடித்து மதியம் அவள் வந்து என்னை மாற்றிவிடுவாள். அதன்பிறகு நான் சாப்பிட்டுவிட்டு, நெய்ததைக் கொண்டுபோய்ப் போடுவது, நூல் எடுத்து வருவது என்று வெளிவேலை பார்ப்பேன்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போன். அது பட்டறை ஜன்னலில்தான் இருக்கும். நூல் கொடுக்கும் முதலாளி எந்நேரமும் கூப்பிடுவார். தறிச் சத்தத்தில் மணி காதில் விழாது. வெளிச்சம் தெரிந்தால் வாசலுக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். தறியில் யார் நிற்கிறோமோ அவர் பேசுவோம். தறியில் ஏற்றிய பாவு நூல் எப்போது தீரும் என்று அவர் கேட்டால், அது என்னிடம் கேட்டதா அவளிடம் கேட்டதா என்றெல்லாம் கிடையாது. வீட்டிடம் கேட்டது. பதிலும் வீட்டின் பதில். இப்படியே பழகிவிட்டதால், ஒரு போன் எண் என்றால் ஒரு வீடு என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் மனதில் இருந்தது. ஓர் எண் என்றால் ஓர் ஆள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்பது தோன்றவே இல்லை.

நான் பேச்சு குறைந்தவன். கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு மோரோடு எழுந்துவிடுவேன். ஆனால் படிப்பேன். முடிவெட்டும் கடையில் கிடக்கும் பழைய வாரப் பத்திரிகையில் தொடங்கிய பழக்கம். சேலத்தில் ஒரு புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, அஸ்தம்பட்டியில் வாடகை நூல்நிலையம் நடத்தும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், வாட்ஸ்அப் வாசகர் குழுவில் சேர்த்துவிடுகிறேன் என்று என் எண்ணை வாங்கிக்கொண்டார். எல்லோரும் அவரை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். வாரம் ஒரு கேள்வி போடுவார். ஒரு வாரம் புத்தகம், ஒரு வாரம் மொழி, ஒரு வாரம் ஊர் நடப்பு. யாரும் எதுவும் சொல்லலாம். திட்டக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு அது நன்றாகப் பொருந்தியது. குறுக்கே ஓடும் நாடாக் கட்டைக்குள் இருக்கும் நூல் தீர்ந்து அடுத்ததை மாற்றுவதற்குள் ஒரு வரி எழுதலாம். நாலு தறிக்கு நடுவே நடந்துகொண்டே அடுத்த வரியை யோசிக்கலாம். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. எழுதியது பிடிக்கவில்லை என்றால் அனுப்பாமல் அழித்துவிடலாம்.

மதியம் போன் அவள் கைக்குப் போகும். அவள் எட்டாவது வரை படித்தவள். முதலில் படிக்க மட்டும் செய்தாள். பிறகு எழுதத் தொடங்கினாள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட வேண்டுமா என்று ஒரு வாரம் கேள்வி வந்தது. கஷ்டப்பட்டுப் படித்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று காலையில் நான் எழுதினேன். மதியத்துக்குமேல் அவள் எழுதினாள்: படிப்பைப் போடுவது இருக்கட்டும், பெண்ணின் தாயார் பெயரைத் தேடினால் அப்பா பெயருக்கு முன்னால் ‘திருமதி’ என்றுதான் இருக்கிறது, பெற்றவளுக்குப் பெயர் இல்லாத பத்திரிகையில் பட்டம் எதற்கு என்று. என் வரிக்கு ஒரு பூப்படம் வந்தது. அவள் வரிக்கு அன்று முழுவதும் சண்டை நடந்தது.

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் குழுவில் இருக்கிறார். எழுதமாட்டார். எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவார். பின்னணியில் எப்போதும் ஹாரன் கேட்கும்.

“ஏனுங்கண்ணா, காத்தால அவ்வளவு சாந்தமா இருக்கறீங்க, மத்தியானம் ஆனா பத்திக்கிட்டு எரியறீங்க. ஊட்டுல சோத்துக்கு மொளகா கொஞ்சம் கொறச்சுப் போடச் சொல்லுங்க.”

நானும் சிரித்தேன், அவளும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவருக்கு விஷயம் தெரிந்துதான் கேலி செய்கிறார் என்று நினைத்தோம். ஒருமுறை டீச்சரம்மா கூப்பிட்டபோது அவள்தான் எடுத்துப் பேசியிருக்கிறாள். பிறகு என்ன, இரண்டு பேர் இருப்பது குழுவுக்கே தெரியும் என்று இருந்துவிட்டோம்.

போன ஆடியில் ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. சாப்பாட்டு மெஸ் ஒன்றில் பல வருஷம் சமைத்துப் போட்ட ஒரு பெண், கடைசிப் பக்கத்தில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். பஸ் கிளம்புவதோடு கதை முடிகிறது. முடிவு நன்றாக இருக்கிறது, அவள் பட்டது போதும் என்று காலையில் எழுதினேன். குழுவில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் சொல்லியிருந்தார்கள். மதியம் அவள் எழுதியது இது:

‘எல்லோரும் அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்கிறீர்கள். எழுதியவர் அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்புவது ஒரு நாள் வேலை. மறுநாள் காலையில் எந்த ஊரில் கண் விழித்தாள் என்று படிக்கத்தான் நான் காத்திருந்தேன்.’

அதைப் படித்துவிட்டு டீச்சரம்மா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் எல்லோரும் நேரில் கூடுகிறோம், நீங்கள் மதியம் எழுதிய கருத்தை எழுந்து நின்று பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று. மறுநாள் காலையில் குழுவில் எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிட்டேன்: கூட்டத்தில் டீச்சரம்மா என்னைப் பேசச் சொல்லும் மதியக் கருத்து நான் எழுதியதல்ல, என் மனைவி எழுதியது, காலையில் வந்தது மட்டும்தான் என்னுடையது.

சங்ககிரிக்காரர் உடனே பேசி அனுப்பினார். “மைக்குக்கு முன்னால நிக்கப் பயமுன்னா பயமுன்னு சொல்லிப்போடுங்கண்ணா. எதுக்குங்க பாவம் அம்மணியக் கோத்துவுடறீங்க?”

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர், மனைவிக்குப் பெருமை சேர்க்க நினைக்கும் கணவர் கிடைப்பது அபூர்வம் என்று எழுதி, கை கூப்பியிருந்தார். பலர் அதை ஆமோதித்தார்கள்.

மதியம் அவள் வந்து போனை எடுத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“இதென்னங்க இது, நா எழுதுனதுக்கு உங்களப் பாராட்டறாங்க?”

“நெசத்தத்தான் சொன்னேன் புள்ள. நம்ப மாட்டேங்கறாங்க.”

“நம்பாட்டிப் போறாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனை ஜன்னலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மதியம் எங்கள் எண்ணிலிருந்து ஒன்றும் போகவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரக் கேள்வி, நாம் பேசுகிற பேச்சிலேயே கதை எழுதலாமா என்பது. அவளுக்கென்றே போட்ட மாதிரி இருந்தது. அதற்கும் எழுதவில்லை.

“இன்னைக்கும் ஒண்ணும் எழுதலியா?” என்று கேட்டேன்.

“மத்தியானத்துக்கும் சேத்து நீங்களே எழுதிப்போடுங்க. ஒரே ஆள்தானுங்களே.”

இதில் எனக்கு என்ன போனது என்று கேட்கலாம். பட்டறையில் இருக்கும்போது பேச முடியாது, சைகைதான். வெளியே வந்தால் ஒருவர் உள்ளே போயாக வேண்டும். ராத்திரி அசதி. எங்களுக்குள் நடக்கும் பேச்சு எல்லாம் நூல், அரிசி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அவள் எதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. தினமும் சாயங்காலம் போனை எடுத்து, மதியம் அவள் குழுவில் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் படிப்பதற்காக எழுதியதை நானும் ஓர் ஓரமாக நின்று படித்தேன். அது நின்றுவிட்டால் பழையபடி நூலும் அரிசியும்தான். சாயங்காலம் போனைத் திறந்து, நான் காலையில் எழுதியதற்குக் கீழே ஒன்றும் இல்லாததைப் பார்க்கும்போது அது நன்றாகத் தெரிந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன். நானாக யாருக்கும் போன் செய்கிறவன் இல்லை. அன்று மட்டும் போனைக் கையோடு எடுத்துப்போய், நூல் கடைக்கு எதிரே நின்று பேசினேன்.

“அவ வந்து பேசுனா நம்புவீங்களாம்மா?”

“நான் இப்பவே நம்பறேன் தம்பி. மத்தவங்க நம்பணும்னா அவங்க வாயால கேக்கணும். ரெண்டு பேரும் வாங்க.”

வீட்டில் சொன்னதும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “நா எதுக்குங்க அங்க போயி சாட்சி சொல்லோணும்? எதையாச்சும் களவாண்டுட்டனா?” என்றாள். கொஞ்சநேரம் கழித்து, “நீங்களா போன் பண்ணிப் பேசுனீங்க?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“நெசமாலுமா?”

“நெசமாத்தான்.”

“அப்பன்னா போயிப்போட்டு வரலாம்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தறிகளை நிறுத்திவிட்டுப் போனோம். டீச்சரம்மா வீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மைக் எதுவும் இல்லை. எனக்குக் கடைசி வரிசையில் சுவர் ஓரமாக இடம் கிடைத்தது. முன்வரிசையில் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேசியதும்தான் சங்ககிரிக்காரர் என்று தெரிந்தது. ஆள் ரொம்ப மெலிவு. குரலை வைத்து நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

அவள் எழுந்து பேசினாள். போனில் எழுதியதைத்தான் சொன்னாள், கொஞ்சம் கூடுதலாக. உட்காரப் போனபோது சங்ககிரிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அண்ணன் நல்லாத்தான் மனப்பாடம் பண்ணிவுட்டிருக்காருங்க.”

அவள் முகம் சுருங்கியது. டீச்சரம்மா பேச்சை மாற்ற, “சரி, அந்தப் பொண்ணு எந்த ஊருல எறங்கினான்னு எழுதியிருந்தா கதை நல்லா இருந்திருக்குமா?” என்று கேட்டார்.

“இருந்திருக்குமுங்க,” என்றாள் அவள். “கூடவே போயி, எறங்கற எடம் வரைக்கும் பாத்துப்போட்டு வந்திருக்கோணும்.”

“அது தப்பு,” என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரலாம் என்றால் நான் எழுந்திருக்கவே இல்லை. அதனால் எழுந்து நின்றேன்.

“அந்தப் புள்ளைய வருசக்கணக்கா ஆளாளுக்கு அதக் குடு, இதக் குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பஸ்ஸிலயாச்சும் அவள சும்மா உடலாமில்ல? எங்க எறங்குனா நமக்கென்ன?”

அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். “நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க. யாரையும் ஒண்ணும் கேக்காம இருக்கறதுதான் உங்களுக்கு மரியாதை. எங்க போறேன்னு கேக்க ஒரு ஆள்கூட இல்லாமப் போறது எப்பிடி இருக்குமுன்னு அவளக் கேட்டீங்களா?”

“கேட்டா நின்னு பதில் சொல்லோணும். அதுக்குப் பயந்துதான் சொல்லாமக் கெளம்புனா.”

“பயந்தா? பயந்தவளா பஸ் ஏறுவா? புஸ்தகத்தச் சரியாப் படிச்சீங்களா நீங்க?”

“உனக்கு முன்னால நாந்தான் படிச்சேன்.”

“முன்னால படிச்சா ஆச்சுங்களா?”

இன்னும் என்னென்ன பேசினோம் என்று வரிசையாக நினைவில்லை. டீச்சரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கடைசியில் சங்ககிரிக்காரர்தான் இரண்டு கையையும் தூக்கினார்.

“போதுமுங்க சாமி, போதும். இத்தன சண்டையும் ஒருத்தரு மண்டைக்குள்ள இருந்திருந்தா இந்நேரம் வெடிச்சிருக்கும். ரண்டு பேருதானுங்க. நா ஒத்துக்கறேன்.” பிறகு அவள் பக்கம் திரும்பி, “தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. மத்தியானம் எங்கூட மல்லுக்கட்டறது நீங்கதான்னு தெரியாமப் போச்சு,” என்றார்.

“இனிமேத் தெரிஞ்சுக்கங்க,” என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. சங்ககிரி தாண்டியதும் நான்தான் கேட்டேன்.

“கோவமா?”

“எதுக்கு?”

“அத்தன பேருக்கு முன்னால எதுத்துப் பேசிப்போட்டேன்.”

“நீங்க பேசாம இருந்திருந்தாத்தான் கோவம் வந்திருக்கும்,” என்றாள். பிறகு, “ஆனா நீங்க சொன்னது தப்புதானுங்க,” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் எந்த ஊரில் இறங்கியிருப்பாள் என்று அவள் நினைக்கிறாளோ அதை வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் மாற்றிவிட வந்தவள், தறியைப் பார்க்காமல் நேராக ஜன்னலுக்குப் போய்ப் போனை எடுத்தாள். காலையில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். இல்லை என்கிற மாதிரி. மூன்றாவது தறியில் ஓர் இழை அறுந்திருந்தது. அவள் எழுதத் தொடங்கியிருந்ததால், அதை நானே முடிச்சுப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

எழுதி முடித்தது, ஐப்பசி ஒன்பதாம் தேதி.