அழகம்மாளுக்கு உலகம் பொன்னாக இருந்த வருஷம்

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போகிற தெருவில், துளசி மாலைக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே ஒரு மேஜை போட இடம் இருக்கிறது. அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அழகம்மாள் கல் விற்கிறாள். மோதிரத்தில் பதிக்கிற ராசிக்கல் இல்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளவும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவும், உள்ளங்கையில் மூடிக்கொண்டு கண்ணயரவும் உருட்டி மெருகேற்றிய கற்கள். தூக்கத்துக்கு ஊதா நிறச் செவ்வந்திக் கல். வீட்டுச் சண்டைக்கு ரோஸ் கல். வியாபாரத்துக்கும் வயிற்றுக்கும் மஞ்சள் கல். பயத்துக்குப் பழுப்பு நிறப் புகைக் கல். எதுவென்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத கஷ்டத்துக்கு ஸ்படிகம். இதில் மெய் எவ்வளவு, மனசு எவ்வளவு என்று கேட்பவர்கள் அந்த மேஜைக்கு வருவதில்லை. வருகிறவர்கள் கேட்பதில்லை.

பாலக்கரையில் பிறந்தவள். பதினாறு வயதிலேயே செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற பட்டறையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே எல்லாக் கல்லும் ஒரே வெள்ளை, ஒரே பளபளப்பு. கண் கூசுமே தவிர மனசில் ஒன்றும் ஒட்டாது. ஒருநாள் கரூர்ப் பக்கமிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு செவ்வந்திக் கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதற்குள் மழை வரப்போகிற சாயங்காலம் மாதிரி ஒன்று அசையாமல் நின்றது. அன்றைக்கு விழுந்தவள்தான், இந்த ஐம்பத்தெட்டு வயசுவரை எழுந்திருக்கவில்லை.

“எல்லாம் ஒரே கல்லுதாங்க” என்று வருகிறவர்களிடம் சொல்வாள். “ஸ்படிகம் மண்ணுக்குள்ள தூங்கறப்ப ஒரு கனா காணும். அந்தக் கனாதான் கலரு.”

ஆனால் கனவு கண்டுகொண்டே ஏமாறுகிறவள் இல்லை. கல் பொட்டலம் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து மேலுதட்டில் வைத்துப் பார்ப்பாள். கண்ணாடியாக இருந்தால் சட்டென்று உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். கல் அவ்வளவு சீக்கிரம் மசியாது, சில்லென்றே இருக்கும். ஸ்படிக உருண்டை என்றால் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கீழே வைத்து, உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முடி இரண்டாகத் தெரிந்தால் கல், கடைசிவரை ஒற்றையாகவே நின்றால் கண்ணாடி. கல்லுக்கே பாதி முடி போச்சு என்று அவள் புருஷன் பிச்சமுத்து கிண்டல் செய்வார்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய சொந்த வித்தை. கல் கேட்டு வருகிறவரை உட்காரவைத்து, கடைசியாக என்ன கனவு கண்டீர்கள் என்று கேட்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல, வெள்ளைத் துணியில் பரப்பிய கற்களின் மேல் கண்ணை ஓடவிடுவாள். ஏதோ ஒரு கல் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அதை எடுத்துக் கொடுப்பாள்.

அந்த வித்தை மிக நன்றாக வேலை செய்த வருஷத்தில்தான் உலகம் பொன்னாகிக்கொண்டு வந்தது.

முதலில் காவிரிப் பாலத்தில் தெரிந்தது. தினமும் காலையில் பிச்சமுத்து தன் ஆட்டோவில் அவளைப் பாலக்கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவார். பாலத்தின் மேல் வரும்போது ஆற்று மணல் மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை தேன் நிறத்தில் நின்றது. அது காலை வெயில் என்று நினைத்தாள். பிறகு உச்சி வெயிலிலும் அப்படியே இருந்தது. டம்ளரில் பால் பாதாம் பாலாகத் தெரிந்தது. சோறு நெய் ஊற்றிப் பிசைந்ததாகத் தெரிந்தது. மேஜையில் விரித்த வெள்ளைத் துணிகூடச் சந்தனம் தடவியதாகத் தெரிந்தது. எதற்கும் ஓரம் என்பதே இல்லை. எல்லாம் ஒன்றில் ஒன்று மெல்லக் கரைந்து நின்றன. அழகம்மாளுக்குப் பயம் வரவில்லை. இத்தனை வருஷம் கற்களுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சம் இப்போது வெளியே வந்துவிட்டது என்று நம்பினாள். அது ஏதோ கொடுப்பினை என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

கே.கே. நகரில் இருக்கிற மகள் ரஞ்சனி மட்டும் ஒருநாள் முகத்தைச் சுளித்தாள். “ஏம்மா, புடவை ஊதா, ரவிக்கை பிரவுனு. என்னம்மா இது?”

“மேட்ச்சாத்தானே இருக்கு.”

“கண்ணைக் காட்டும்மா ஒருதடவை. புரை விழுந்திருக்கும்.”

“என் கண்ணு எனக்குத் தெரியும் போடி” என்று முடித்துவிட்டாள். கல் விற்கிறவளிடம் கண்ணைப் பற்றிப் பேசினால் வேறு என்ன பதில் வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆனந்தவள்ளி மாமி வந்தாள். உத்திர வீதியில் அக்காவும் தங்கையுமாக இருந்த வீட்டில், அக்கா ஆசாரியன் திருவடி அடைந்த பிறகு மாமி மட்டும் தனியாக இருந்தாள். தூக்கமே இல்லை என்றாள். கனவு என்ன என்று கேட்டதற்கு, வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போவதாகவும், கதவுகள் முடியவே இல்லை என்றும் சொன்னாள். அழகம்மாள் பொன்னிறத் துணியின் மேல் கண்ணை ஓடவிட்டு, செவ்வந்திக் கல் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து மாமி முகம் தெளிந்து வந்து நின்றாள்.

“அழகம்மா, நீ சாமான்யப்பட்டவ இல்லை. பெருமாள்தான் உன் கையில் வந்து உட்கார்ந்திருக்கார்.”

“என்னங்க மாமி, தூக்கம் வந்துதா?”

“திவ்யமா வந்தது. ஆத்துக்குப் போய்ப் பார்த்தேன், ஊதான்னு சொல்லிப் பழுப்புக் கல்லைக் கொடுத்திருக்கே. அப்புறம்தான் புரிஞ்சுது. நான் தூக்கம் வரலைன்னு சொன்னேனே ஒழிய, எனக்கு வியாதியே பயம்தான். தனியா இருக்கப் பயம். அதை வெட்கப்பட்டுண்டு யாரிட்டயும் சொல்லலை. நீ பார்த்துட்டே.”

அழகம்மாள் அந்தப் பழுப்புக் கல்லை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அது செவ்வந்தியாகத்தான் தெரிந்தது. மேஜையிலிருந்த செவ்வந்திகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே நிறம். கண் போய்விட்டதோ என்று பயந்தாள். ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பயம் ஒரு மயக்கமாக மாறிவிட்டது. கண் பிசகினாலும் கை பிசகவில்லையே. அப்படியானால் இந்தப் பொன் மயக்கம்தான் வித்தையே. இதைப் போய்ப் புரை என்று ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால், வெறும் கல் விற்கிற கிழவியாகத்தானே மிஞ்சுவோம். அன்றிலிருந்து கண் ஆஸ்பத்திரி என்ற பேச்சே வீட்டில் கூடாது என்று வைத்துவிட்டாள்.

மாமி ஊரெல்லாம் சொன்னாள். அம்மா மண்டபப் படித்துறைக்குக் குளிக்க வருகிறவர்கள்கூட விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அழகம்மாள் பொன் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு கனவுகளைக் கேட்டாள், கற்களைக் கொடுத்தாள். சிலர் திரும்பி வந்து நன்றி சொன்னார்கள். திரும்பி வராதவர்களைப் பற்றி அவள் நினைக்கவில்லை. ஜோசியக்காரர்கள் முதல் எல்லாருக்கும் அது சௌகரியமான மறதிதான்.

பிச்சமுத்துவுக்குச் சாப்பாடு செல்லாமல் போனது ஐப்பசி வாக்கில். சட்டை தொளதொளவென்று ஆனது. உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொரிந்துகொண்டே ஆட்டோ ஓட்டினார். அழகம்மாள் அவரைப் படுக்கவைத்து வயிற்றின் மேல் மஞ்சள் கல்லை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடச் சொன்னாள். அவரும் படுத்தார். அவளுடைய வித்தையை அவரைப் போல முழுசாக நம்பியவர் உலகத்தில் யாரும் இல்லை. அதுதான் வினையாகிப் போனது.

ஒருநாள் காலையில் கிளம்பும்போது கேட்டார். “அழகு, ஸ்டாண்டுல பசங்க என் கண்ணு மஞ்சளா இருக்குன்றானுங்க. நீ கொஞ்சம் பாரேன்.”

அவள் அவரை வாசலுக்கு, நல்ல வெளிச்சத்துக்கு இழுத்து வந்தாள். இமையை விரலால் இழுத்து, கல்லைப் பார்க்கிற அதே நிதானத்தோடு பார்த்தாள். வீட்டுச் சுவர் எந்த நிறமோ, பால் எந்த நிறமோ, அதே நிறத்தில்தான் அவர் கண் இருந்தது.

“ஒண்ணுமில்லைங்க. எப்பவும் போலத்தான் இருக்கு.”

“அப்ப சரி” என்று அவர் வண்டியைக் கிளப்பினார். ஸ்டாண்டில் கேட்டவர்களிடமெல்லாம், எங்க வீட்டம்மா பார்த்துட்டா, அவளைவிட உங்களுக்குக் கலர் தெரியுமா என்று வாயை அடைத்தார்.

கண்டுபிடித்தது ஆனந்தவள்ளி மாமிதான். தளர்ந்துபோய் ஆட்டோவிலேயே சாய்ந்திருந்தவரைக் குனிந்து பார்த்தவள், நேராக மேஜைக்கு வந்தாள்.

“ஏம்மா அழகம்மா, என் மனசுக்குள்ள இருந்த பயம் உனக்குத் தெரிஞ்சுது. உன் ஆம்படையான் கண்ணு மஞ்சக் கிழங்கா இருக்கே, அது தெரியலையா?”

அழகம்மாள் எழுந்து ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள். அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு முழித்துப் பார்த்தாலும் அவர் மட்டும் தனியாக மஞ்சளாகத் தெரியவில்லை. அந்த நடுத்தெருவில், பொன்னாக மின்னும் கோபுரத்தின் கீழே, தான் எதையுமே பார்க்கவில்லை என்று அவளுக்கு முதல்முறையாக விளங்கியது.

ரஞ்சனி வந்து இருவரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு சின்னக் கல் குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலும் ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வாய் வழியாகக் குழாயை விட்டு அடைப்பை எடுத்தார்கள். இரண்டு நாள் அவர் யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றினார். அழகம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் எப்போதும் முடிந்து வைத்திருக்கும் கல்லை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் பிச்சமுத்து கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். குடித்து முடித்ததும் அவளுடைய முகத்தைப் பார்த்து, “எனக்குள்ள இருந்த கல்லு என்ன கலராம்? கேட்டியா?” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. “எனக்கு உங்க கண்ணு தெரியலைங்க. தெரியாமலே இல்லைன்னு சொல்லிட்டேன். மாமிக்குக் கொடுத்த கல்லும் தெரியாமத்தான் கொடுத்தேன். எனக்கு ரொம்ப நாளா ஒண்ணுமே சரியாத் தெரியலை.”

அவர் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரிஞ்சுது அழகு. வண்டிக் கண்ணாடியில பாத்தேன், மஞ்சளாத்தான் இருந்துச்சு. நீ இல்லைன்னியே. சரி, கண்ணாடிதான் பழசாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பட்டறையில் விரல் தேய்ந்தபோதும், பிள்ளைப்பேற்றின்போதும் அழாதவள், அந்த வார்டில் எல்லோரும் பார்க்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவர் தேறி வீட்டுக்கு வந்த பிறகு அவளே ரஞ்சனியிடம் கண் ஆபரேஷனுக்கு நாள் கேட்கச் சொன்னாள். அதற்கு முன்பு உத்திர வீதிக்குப் போய் மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாள். மாமி கேட்டுக்கொண்டு, “தப்போ சரியோ, நான் தூங்கினது நிஜம்டி” என்று மட்டும் சொன்னாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அழகம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காவிரியைப் பார்த்தாள். பொன் மணல், பொன் தண்ணீர், பொன்னாகக் குளித்துக்கொண்டிருக்கிற ஜனங்கள். இவ்வளவு அழகாக இனி எதுவும் தெரியப்போவதில்லை என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. அது போவதில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். நர்ஸ் நகர்ந்ததும் உலகம் சில்லென்று உள்ளே வந்தது. சுவர் நீலம் கலந்த வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே வானம் அவள் மறந்தே போயிருந்த நிறம். ஒவ்வொன்றுக்கும் ஓரம் இருந்தது. மயக்கம் எங்கேயும் இல்லை.

எதிரே நாற்காலியில் பிச்சமுத்து உட்கார்ந்திருந்தார். கண் வெள்ளையாக இருந்தது. அதில் சிவப்பாய் நரம்புகூடத் தெரிந்தது. தலைதான் அவளைத் திடுக்கிட வைத்தது. செம்பட்டையாக, வயசுக்குப் பரவாயில்லை என்று நினைத்திருந்த முடி ஒன்றுவிடாமல் நரைத்திருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கிப்போய், ஒரு கிழவர் அவளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, எப்பங்க இப்படி நரைச்சுப் போனீங்க?”

“அது ஆச்சு ரொம்ப நாளு.” அவர் சட்டைப்பையில் கையை விட்டுத் துழாவி, அவளுடைய கற்களில் நாலைந்தை எடுத்து நீட்டினார். “இந்தா, வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். கலரு தெரியுதான்னு பாரு.”

அழகம்மாள் அவர் கையைத் தாழ்த்தினாள். கற்களின் பக்கம் அவள் கண் போகவில்லை.

“இருங்க, அப்புறம் பாக்கறேன். உங்களை இன்னும் பாத்து முடிக்கலை.”