பாட்டுக்குப் பாட்டு அழுத பெண்

எண்பதுகளின் நடுவில் நான் கடத்தூரில் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதம் ஒருமுறை சனிக்கிழமை ரயிலில் பொம்மிடி வந்து இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். இடைப்பட்ட நேரத்தில் இருவருமே பாதித் தூக்கத்தில்தான் பேசிக்கொள்வோம்.

ஒருமுறை ஒரு கேசட் கொண்டுவந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் பாடியது. எட்டுப் பாட்டு, எட்டும் சேர்ந்து ஒரே கதை. மழை பொய்த்துப்போய், நிலத்தை விட்டுப் பெங்களூருக்குப் போகிறவன், ஊரில் காத்திருக்கும் அவன் மனைவி. கூத்து மெட்டுக்குக் கிட்டார் வாசித்திருந்தார்கள்.

"கேட்டுட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லு. அவன் உன்னைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னான்," என்றார்.

ஞாயிறு மதியம், ஊறவைத்த துணி அப்படியே கிடக்க, டேப்ரிக்கார்டர் முன் உட்கார்ந்தேன். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் நடிப்பில்லாத குரல். கிட்டார் முதலில் உறுத்தியது. இரண்டாவது பாட்டில் பழகிவிட்டது. ஆனால் அந்த மனைவி! வாசலில் நின்று அழுதாள், கிணற்றடியில் அழுதாள், கடிதம் வந்தால் அழுதாள், வராவிட்டாலும் அழுதாள்.

"இவ எப்பங்க சோறாக்குவா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஆறாவது பாட்டு பெங்களூர் அறைக்குள் நடந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவன், பகல் ஷிப்டுக்கு எழுந்து போனவனின் பாயில் படுக்கிறான். பாய் இன்னும் சூடாக இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

"உங்களுக்கும் இப்படித்தானுங்களா?"

"ரூம்னா அப்படித்தான். அதைப் போயி வூட்டுல சொல்லுவாங்களா?"

மீதி இரண்டு பாட்டும் ஓடின. என் காதில் ஏறவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாக அவர் சொல்லாததை, நான் பார்த்தே இராத ஒருவர் பாடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. காட்டத் தெம்பும் இல்லை.

கிளம்பும்போது சொன்னேன்: "ஆறாவது பாட்டு நெஜம்னு அவருகிட்ட சொல்லுங்க. அந்தப் பொம்பளைதான் பொய்யி. அழுவறதைத் தவிர ஒரு வேலையும் செய்யலைன்னும் சொல்லுங்க."

அடுத்த மாதம் பதில் வந்தது. நண்பர் கோபித்துக்கொள்ளவில்லையாம்.

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலை," என்று சிரித்தார் கணவர். "பொம்பளைங்க என்னதான் பண்றாங்க, உன் வூட்டுக்காரம்மாவையே எழுதிக் குடுக்கச் சொல்லு, பாட்டாக்குறேன்னான்."

ஒரு நோட்டை எடுத்து வைத்தேன். காலையில் தண்ணீர் பிடிப்பதைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அதற்குள் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்து சேர்ந்தன. பிறகு நான் எழுதவில்லை. அந்த நண்பரும் வேறு கேசட் போடவில்லை.