அட்மின் கையிலிருந்த ராக் புத்தகம்

எங்கள் அபிமான ராக் பேண்டின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் அருமை என்று எழுதியதற்காக, ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து அட்மின் என்னை நீக்கினார். "வரிக்கு வரி படிச்சிட்டேன், அத்தனையும் பொய்" என்பது அவர் தீர்ப்பு.

இன்று குமணன்சாவடியில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் அவரே. மடியில் அதே புத்தகம், கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல்.

வாட்ஸ்அப்பில் அவர் டிபி படம் அவர் முகம். என் டிபி ஒரு கிட்டார். எனக்கு மட்டும்தான் அடையாளம் தெரிந்தது.

"இன்னா அண்ணாத்தே, இன்னும் பிரிக்கலியா?"

"பிரிச்சா மதிப்பு பூடும்பா. நமக்குத் தெரியாததா உள்ள கீது?"

ஒரு போட்டோ கேட்டேன். உறை பளபளக்கத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

படம் கீழே. குரூப்பில் இருப்பவர்கள் யாராவது அங்கே போட்டுவிடுங்கள். நானே போட்டிருப்பேன், நீக்கிவிட்டாரே.